வாழையடியில் கொட்டியது

அத்தியாயம் பதினொன்று

பேணாட்டைத் திட்டி இந்த வாரமும் கடிதங்கள் வந்திருக்கின்றன. உவர்மலையிலிருந்து ஒரு வாசகி, "அந்தக் கானை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் காவல் நிற்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். அம்மா, கோபம் நியாயமானதுதான். நானும் அவனுக்காகப் பரிந்து பேச வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்கள் ஆசை தீரத் திட்டலாம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. இது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதம். பேணாட்டின் அக்கா மக்டலினுக்கு முப்பத்தாறு வயது, இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. மூன்று மாதத்துக்குள் வேறொருவரின் சிறுநீரகத்தை வைக்காவிட்டால் தப்பமாட்டாள் என்று கொழும்பில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கணவர் இரத்தினசிங்கத்தின் இரத்தம் சேரவில்லை. தம்பி பேணாட்டின் இரத்தம் சேர்ந்தது. அன்றைக்கு வீட்டில் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார்கள்.

கொழும்புக்குப் போகுமுன் முதற்கட்டச் சோதனைகளைத் திருகோணமலையிலேயே முடிக்கலாம் என்று டொக்டர் கலீலுர் றஹ்மான் மூடி போட்ட ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கானைக் கொடுத்தார். காலை ஆறு மணிக்குப் போகும் முதல் சிறுநீரை மட்டும் வெளியே விடவேண்டும். அதன்பின் மறுநாள் காலை ஆறு மணிவரை ஒரு சொட்டும் விடாமல் கானில் சேர்க்கவேண்டும். கொடுப்பவரின் சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

பேணாட் சேர்த்தான். மறுநாள் விடிய, அதில் பாதியைக் கிணற்றுக்குப் பின்னால் வாழையடியில் கொட்டினான். அதை நானும் நீங்களும் போன வாரம் பார்த்தோம்.

முடிவு மோசமாக வந்தது. "வழியில கொட்டுப்பட்டதா?" என்று டொக்டர் கேட்டார். பேணாட் வாய் திறக்குமுன் பக்கத்தில் இருந்த அக்கா முந்திக்கொண்டாள். "ஓம் டொக்டர், சென்றியில திறந்து பாத்துக் கொட்டிப்போட்டாங்கள்."

பேணாட் தலையாட்டினான். அக்கா அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள் போலும், நினைக்கட்டும் என்று விட்டான். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொய்க்குக் கையும் காலும் வைத்தான். மெலிந்த ஆமிக்காரன், காதில் மறு, கானைத் தலைகீழாகப் பிடித்தான். ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை. அந்த நாட்களில் சென்றியின், அதாவது இராணுவச் சோதனைச் சாவடியின், தலையில் எதைப் போட்டாலும் எங்கள் ஊர் நம்பும். எல்லோருக்கும் அங்கே ஏதாவது நடந்திருந்தது.

திரும்பச் சேர்க்கச் சொல்லி டொக்டர் இன்னொரு கான் கொடுத்தார். அது இரண்டு வாரமாக அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடந்தது. பேணாட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். "ஷிப்ட் மாறி மாறி வருது, லீவு கிடைக்கேல்லை" என்று நாளைக் கடத்தினான்.

இன்று சனிக்கிழமை. காலை எட்டரை மணி.

தங்கை மரியமலர் கேற்றடியில் குடையோடு நின்றாள். மற்றக் கையில் புல்லில் இழைத்த பன்பை.

"அண்ணா, ஆஸ்பத்திரிமட்டும் என்னோட வாறீங்களே? தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு."

"பைக்குள்ள என்ன?"

"கான்."

பேணாட் அவள் முகத்தைப் பார்த்தான்.

"டொக்டரிட்ட நானே போய்க் கேட்டு வாங்கினனான். நேற்றுக் காலமை தொடங்கி இண்டைக்கு ஆறு மணிக்கு முடிச்சிட்டன். என்ர இரத்தமும் சேருதாம். அக்காவுக்குத் தெரியாது, சொல்லிப்போடாதேங்கோ."

"உனக்கென்ன விசரே? கலியாணத்தை வைச்சுக்கொண்டு?"

"உங்கட ஷிப்ட் முடியுமட்டும் அக்கா தாங்கமாட்டா அண்ணா. ராத்திரி முழுக்க மூச்சு வாங்கிறா."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மலருக்கு அது வராது. இருபத்துநாலு வயது, மனதில் பட்டதைச் சொல்வாள், அவ்வளவுதான். போன ஞாயிறு கோயிலில் அவளுக்கும் மூதூர் வாத்தியார் சின்னராசாவுக்கும் விவாக அறிவித்தல் முதல் தடவை வாசித்தாயிற்று. மறுப்பு யாரும் சொல்லாமல் இன்னும் இரண்டு ஞாயிறு பூசையில் வாசித்தால் கலியாணம்.

"அவையளுக்குச் சொன்னனியே?"

"சின்னராசாவுக்கு எழுதிப்போட்டன். மறைச்சுக் கட்ட ஏலாதுதானே."

இந்த இடத்திலாவது பேணாட் சொல்லியிருக்கலாம். கேற்றடியில் வேறு ஆளும் இல்லை. அவன் சொன்னது, "பையைத் தா, நான் கொண்டுவாறன்."

"வேண்டாம் அண்ணா. நீங்கள் கொண்டுபோனாத்தான் கொட்டுப்படுதே!" என்று மலர் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவனைச் சந்தி வரைக்கும் சுட்டுக்கொண்டு வந்தது.

சந்தியில் சென்றி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் வரிசை. மலர் பெண்கள் வரிசையில் முன்னுக்குப் போய்விட்டாள். பை திறந்து காட்டும் மேசையில் அதே ஆமிக்காரன் நின்றான். மெலிந்தவன், காதில் மறு.

அவன் அன்றைக்கு என்ன செய்தான் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. கானைத் திறக்கச் சொன்னான், உண்மைதான். பேணாட் கூச்சத்தோடு சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கும் கூச்சம் வந்துவிட்டது. தானே மூடியைப் பூட்டினான். வழியில் கொட்டாமல் இருக்க மேசைக்குக் கீழிருந்து ஒரு பிளாஸ்டிக் சொப்பிங் பையை எடுத்து மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டியும் விட்டான். "அக்கா நல்லம் வரும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். பேணாட் உருவம் கொடுத்த பொய்யில் அவனுடைய காதும் மறுவும் மட்டும்தான் நிஜம்.

இன்றும் மஞ்சள் கானைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. சொப்பிங் பை ஒன்றை எடுத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"தொடாதேங்கோ!"

மலரின் குரலில் இரண்டு வரிசையும் நின்றுவிட்டது.

"போன முறை என்ர அண்ணன்ரயைக் கொட்டினது காணாதே? இது என்ர அக்காவின்ர உயிர். திறந்து பாக்கவேணுமெண்டா நானே திறக்கிறன், நீங்கள் தொடக்கூடாது."

அவளுடைய கண்ணால் தண்ணீர் ஓடியது. பின்னால் நின்ற பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். தள்ளி நின்ற இன்னொரு ஆமிக்காரன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினான்.

"கொட்டினது? நான்?" மெலிந்தவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஆண்கள் வரிசையில் பேணாட்டைக் கண்டுகொண்டான். "மல்லி, நான் கொட்டினதா?"

தம்பி என்று அழைத்துத்தான் கேட்டான்.

"இவர் இல்லை மலர்," என்றான் பேணாட். "அது வேற ஆள்."

ஆமிக்காரன் அவனையே பார்த்தான். கோபப்பட்டிருந்தால் பேணாட்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கோபப்படவில்லை. மற்றவனுக்குக் கையைக் காட்டி ஏதோ சொல்லி அமர்த்தினான். சொப்பிங் பையைச் சுருட்டித் தன் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, "போங்க" என்றான்.

ஆஸ்பத்திரி மதிலடியில் மலர் நின்று திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"மெலிஞ்ச ஆள், காதில மறு எண்டுதானே நீங்கள் சொன்னீங்கள்?"

"கனபேருக்கு மறு இருக்கும்."

"ஓம்," என்றாள் மலர். அவள் மேலே கேட்காமல் விட்டதுதான் அவனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

டொக்டர் கலீலுர் றஹ்மானின் அறைக்கு ஒரு கதவு, அதற்கு ஒரு கொழுக்கி. மலரை உள்ளே கூப்பிட்டு அவர் கொழுக்கியைப் போட்டார். பேணாட் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். பதினைந்து நிமிடம் கழித்து மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"உங்களையும் வரட்டாம் அண்ணா."

உள்ளே போனதும் டொக்டர் மறுபடி கொழுக்கியைப் போட்டார். கதிரையைக் காட்டினார்.

"உங்கட போன மாச றிப்போட்டைத் திரும்பப் பார்த்தேன். கிட்னி பழுதெண்டா இரத்தத்தில கழிவு ஏறியிருக்கணும். உங்கட இரத்தம் நல்லாயிருக்கு. கிரேன் ஏறி இறங்குற ஒரு ஆம்பிளையின்ட உடம்பு ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவை வெளியேத்தும் எண்டு எங்களுக்குத் தெரியும். கானில அதில பாதிதான் இருந்தது."

"சென்றியில..." என்று பேணாட் தொடங்கினான்.

"சென்றியில கொட்டியிருந்தா லேபிள் நனையும். நான் மைப்பேனையால எழுதின லேபிள் அது. ஒரு எழுத்தும் கரையல்ல." டொக்டர் குரலை உயர்த்தவே இல்லை. "மூடியில சொப்பிங் பேக்கும் வடிவாக் கட்டியிருந்தது. லாப்பில அவிழ்க்கக் கஷ்டப்பட்டாங்களாம்."

வெளியே யாரோ பெயர் கூப்பிட்டார்கள். பேணாட் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் கொட்டினனான்," என்றான்.

டொக்டர் தலையாட்டினார். "அதில எனக்கும் ஒரு பங்கு பிழை இருக்கு. கொடுக்க வாற ஒவ்வொருத்தரையும் தனிய வைச்சுத்தான் கேக்கணும். கதவைச் சாத்துறது அதுக்குத்தான். அண்டைக்கு உங்கட அக்காவை ஏந்தி வந்து இருத்தின அவசரத்தில, அவ முன்னுக்கே எல்லாம் கதைச்சிட்டேன். தனியக் கேட்டிருந்தா, விருப்பமில்லை எண்டு நீங்க சொல்லியிருக்கலாம். 'பொருந்தாது' எண்டு மட்டும்தான் நான் எழுதுவேன். ஏன் எண்டு உங்கட அக்காவும் கேக்க ஏலாது, கொழும்பிலயும் கேக்கமாட்டாங்க."

நேராகப் போக ஒரு கதவு இருந்திருக்கிறது. பேணாட் கிணற்றடியைச் சுற்றி வாழைக்குள் ஒளிந்து போயிருக்கிறான்.

"துறைமுக வாசலில தினமும் சேர்ட்டைத் தூக்கிக் காட்டவேணும் டொக்டர். எங்களோட வேலை செய்தவன் ஒருத்தனுக்கு அப்பெண்டிக்ஸ் வெட்டின தழும்பு. எங்க சண்டையில காயப்பட்டனி எண்டு கேட்டு ஆமிக்காரர் மூண்டு நாள் பிடிச்சு வைச்சிருந்தவங்கள். இது விலாவில இருந்து வயிறுமட்டும் வெட்டுவாங்களாம். எனக்கு ஒவ்வொரு சென்றியிலயும்..."

"ஓம், அது நியாயமான பயம். அதுக்கு நான் கடிதம் தரலாம், கொழும்பு டொக்டரும் தருவார். மூண்டு பாஷையிலயும் எழுதலாம்." டொக்டர் தன் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "அது மட்டும்தானா?"

இல்லை. அது மட்டுமில்லை என்பது பேணாட்டுக்கு முதல் நாளே தெரியும். தழும்பு ஒரு நல்ல சாட்டாகக் கிடைத்தது. அதைத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி இந்த ஒரு மாதத்தை ஓட்டினான்.

"வெட்டுறதுக்குப் பயம் டொக்டர்," என்றான். "செத்துப்போவன் எண்டு பயம். கிரேனில அந்த உயரத்தில நிண்டு வேலை செய்யிறன், அதில வராத பயம்."

சொல்லிமுடித்ததும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"இந்தக் கதிரையில இருந்து பயமில்லை எண்டு சொன்னவங்களைத்தான் நான் இரண்டாம் முறை கூப்பிட்டுக் கேக்கிறது," என்றார் டொக்டர். "திங்கட்கிழமை வாங்க. கானோட வந்தாலும் சரி, வெறுங்கையோட வந்தாலும் சரி. விருப்பமா இல்லையா எண்டு அப்ப கேக்கிறேன். எதைச் சொன்னாலும் அது இந்த அறைக்குள்ளதான் இருக்கும்."

"தங்கச்சி என்ன சொன்னவ?"

"அதுவும் இந்த அறைக்குள்ளதான் இருக்கு," என்று டொக்டர் கொழுக்கியைக் கழற்றினார்.

வீட்டுக்கு வரும்போது பதினொன்றரை. இரத்தினசிங்கம் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொதுவாகவே வாய் பேசாத மனிதர், அன்று இன்னும் வாடியிருந்தார்.

"காலமை லோஞ்சுப் படகில மூதூரால மாப்பிள்ளையின்ர மாமன் வந்து போறார்," என்றார். "மலரின்ர காயிதம் கிடைச்சதாம். ஒரு கிட்னியோட வாற பொம்பிளை பிள்ளை பெறுவாளோ எண்டு தாய்க்காரி அழுறாவாம். யோசிச்சுச் சொல்லுறமாம். நாளைக்கு அறிவித்தல் வாசிக்கவேண்டாமெண்டு கோயில் சுவாமியாரிட்டயும் சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

"சின்னராசா என்ன சொன்னவராம் அத்தான்?" என்று மலர் கேட்டாள்.

"அவர் ஒண்டும் சொல்லி அனுப்பேல்லைப் பிள்ளை."

மலர் குடையை மடக்கினாள். மழைத்துளி ஒன்றும் இல்லாத குடையை இரண்டு தரம் உதறிவிட்டுக் அடுப்படிக் குசினிக்குள் போனாள்.

மக்டலின் முன்னறைக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். காலிரண்டும் வீங்கிப் பளபளத்தன. பக்கத்து ஸ்டூலில் உப்பில்லாத கஞ்சி ஆறிப்போயிருந்தது. வந்த மாமன் முழுக்கதையும் அவள் முன்னால்தான் சொல்லியிருக்கிறார்.

"அவளுக்கு ஆர் தம்பி கான் குடுத்தது?" என்றாள்.

பேணாட் கட்டிலடியில் நிலத்தில் இருந்தான். இனியும் இழுத்தால் தான் மனிதனில்லை என்று அவனுக்குப் பட்டது.

"அக்கா, சென்றியில ஒருத்தரும் கொட்டேல்லை."

"தெரியும்."

அவன் நிமிர்ந்தான்.

"படுத்தா எனக்கு மூச்சு முட்டுது. இப்பிடிச் சாய்ஞ்சபடிதானே விடியுமட்டும் இருக்கிறன். இந்த யன்னலுக்கால வாழை தெரியுது தம்பி."

"தெரிஞ்சுகொண்டோ டொக்டரிட்ட அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அவர் கேட்ட உடன உன்ர முகம் போன போக்கைப் பாத்தன். தாங்க ஏலாமக் கிடந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னன்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "வெக்கம் எனக்குத்தான் தம்பி. கூடப்பிறந்தவனிட்ட உன்ர உடம்பில பாதியைத் தா எண்டு கேட்டது நான். கேட்ட நாளில இருந்து உனக்குச் சோறு போட்டுத்தரவும் கூச்சமாக் கிடந்தது. கையூட்டுக் குடுக்கிற மாதிரி. நீ வாழையடியில கொட்டினதைக் கண்டபோது எனக்குக் கோபம் வரேல்லை. சரி, இனிக் கேக்கத் தேவையில்லை எண்டு ஒரு ஆறுதல்."

"அக்கா..."

"ஆனா அந்தக் குழிக்குள்ள மலர் போய் விழுவாள் எண்டு நான் யோசிக்கேல்லை. அது என்ர பிழை. அவளிட்ட நான் வாங்கமாட்டன், கொழும்புக்கு வரவும் மாட்டன். உன்னட்டயும் இனிக் கேக்கமாட்டன். இதைப்பற்றி இனி இந்த வீட்டில கதை வேண்டாம்."

கதை வேண்டாம் என்றால் என்ன பொருள் என்று இருவருக்கும் தெரியும். மூன்று மாதத்தில் ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது.

அக்கா திட்டியிருந்தால் அழுதிருப்பான். அவள் தன்னை நினைத்தே வெட்கப்படுகிறாள் என்று கேட்டபின் அழவும் அவனுக்கு முகம் இல்லை. எழுந்து குசினிக்குப் போனான்.

மலர் கரி பிடித்த சட்டி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் கதவு நிலையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். வாழையைச் சொன்னான். பயத்தைச் சொன்னான். சொப்பிங் பை கட்டிவிட்ட ஆமிக்காரனைச் சொல்லும்போது மட்டும் மலரின் கை சட்டியில் நின்றுவிட்டது.

"அந்தப் பெடியனை நான் நடுச்சந்தியில வைச்சு..." என்றாள்.

"மலர், நான்..."

"பயமெண்டு என்னட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணா. எனக்கும்தான் பயம். ரெண்டுபேரும் இருந்து பயந்திருப்பம்."

அவள் கையைக் கழுவினாள். சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய், கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த கானை எடுத்துவந்தாள். தூசியைத் தட்டினாள். லேபிளில் அவன் பெயரையும் நாளைய திகதியையும் எழுதி மேசையில் அவன் முன்னால் வைத்தாள்.

"குடுக்கிறதோ இல்லையோ, அது திங்கட்கிழமை நீங்கள் டொக்டரிட்டச் சொல்லுங்கோ. ஆனா இதை அந்தச் சென்றியாலதான் கொண்டுபோகவேணும். நான் வரமாட்டன். அவனிட்டச் சொல்லவேண்டியதை நீங்களே சொல்லுங்கோ."

"சொல்லுறன்."

"நாளைக்குப் பூசைக்கு வரவேண்டாம், கானோட வீட்டில இருங்கோ. காலமை முதலாவதை மட்டும் கொட்டுங்கோ." மலர் மறுபடி சட்டியைக் கையில் எடுத்தாள். "என்ர பேரை வாசிக்காம விடுறதை நான் தனியப் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்."